ஊருக்குத் திரும்பாத பாபர்!
1526-ம் ஆண்டில் நடந்த கதை

1526-ம் ஆண்டு, மே மாதம்.

ஆக்ராவில் வெயில் கொளுத்தியது. கோட்டைக்குள் புதிய மன்னர் வந்து அமர்ந்திருந்தார். கஜானாவில் பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடந்தன. ஆனால் அவருடைய படைவீரர்களோ வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து செத்துக் கொண்டிருந்தார்கள்.

குதிரைகளுக்குப் புல் இல்லை. மனிதர்களுக்குத் தானியம் இல்லை. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் பயந்து ஓடிவிட்டார்கள். பாதைகளில் கொள்ளைக்காரர்கள் நடமாடினார்கள்.

தளபதிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வெற்றி கிடைத்துவிட்டது. பணமும் கிடைத்துவிட்டது. இனி இங்கே என்ன வேலை, ஊருக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்கள் அப்படி நினைத்ததில் அதிசயம் இல்லை. 1398-ம் ஆண்டில் தைமூர் டில்லியைச் சூறையாடினார். அடுத்த ஆண்டே மூட்டை கட்டிக்கொண்டு தம் ஊருக்குப் போய்விட்டார்.

ஆனால் இந்த மன்னர் போக மறுத்தார். அவர் பெயர் பாபர். தைமூரின் வம்சத்தில் வந்தவர்தான் அவரும்!

அவர் மட்டும் அந்தக் கோடையில் திரும்பிப் போயிருந்தால், மொகலாய சாம்ராஜ்யம் என்ற ஒன்று ஏற்பட்டிருக்காது. அக்பர் இந்தியாவை ஆண்டிருக்க மாட்டார். தாஜ்மகால் எழுந்திருக்காது.

அவர் ஏன் போகவில்லை? அதைத் தெரிந்துகொள்ள, அவருடைய இளமைக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

சிறுவனுக்குப் பட்டம்

பாபர் 1483-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி பிறந்தார். ஊர், பெர்கானா நாட்டில் உள்ள ஆண்டிஜான். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. தந்தை உமர் ஷேக் மிர்சா, தைமூர் பரம்பரை. தாய் குத்லுக் நிகார், செங்கிஸ்கான் பரம்பரை. உலகத்தை நடுங்க வைத்த இரண்டு பேருடைய ரத்தமும் அந்தக் குழந்தையின் உடம்பில் ஓடியது.

தந்தைக்குப் புறா வளர்ப்பதில் ஆசை அதிகம். மலைச்சரிவின் விளிம்பில் புறாக்கூண்டு கட்டியிருந்தார். 1494-ம் ஆண்டு ஜூன் மாதம், அந்தக் கூண்டு சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அதோடு அவரும் விழுந்து இறந்தார்.

பாபருக்கு அப்போது வயது 11. அன்றே அவர் அரசர்!

சிறுவன்தானே என்று பெரியப்பாவும் மாமனும் நாட்டைப் பங்கு போடப் பார்த்தார்கள். மந்திரிகளில் ஒருவர் சதி செய்தார். சிறுவனைக் காப்பாற்றியவர் அவருடைய பாட்டி ஐசான் தவுலத் பேகம். புத்திக்கூர்மையிலும் யோசனை சொல்வதிலும் அந்த அம்மாளுக்கு நிகர் வேறு பெண் இல்லை என்று பாபரே பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

கைநழுவிய சாமர்க்கண்டு

பாபரின் மனத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. தைமூரின் தலைநகரமான சாமர்க்கண்டைப் பிடிக்க வேண்டும்!

1497-ம் ஆண்டில் 7 மாதம் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார். அப்போது வயது 14. ஆனால் 100 நாட்கள்தான் அங்கே இருக்க முடிந்தது. சொந்த நாடான பெர்கானாவில் கலகம் மூண்டது. அதை அடக்கப் புறப்பட்டார். பெர்கானாவும் கைவிட்டுப் போயிற்று, சாமர்க்கண்டும் போயிற்று.

1500-ம் ஆண்டில் வெறும் 240 வீரர்களுடன் இரவோடு இரவாகச் சுவர் ஏறிக் குதித்து, மறுபடியும் அதைப் பிடித்தார். இந்த முறை உஸ்பெக் தலைவர் ஷைபானிகான் வந்து வளைத்துக்கொண்டார். நகரத்தில் பஞ்சம் ஏற்பட்டது. ஏழைகள் நாய்களையும் கழுதைகளையும் அடித்துத் தின்றார்கள். குதிரைகளுக்கு மரத்தூளை ஊற வைத்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் 1501-ம் ஆண்டில் தாயை அழைத்துக்கொண்டு பாபர் நள்ளிரவில் வெளியேறினார். அக்காள் கான்சாதா பேகம் எதிரியின் கையில் சிக்கினார். ஷைபானிகான் அவரை மணந்துகொண்டார். தம்பி அக்காளை மீண்டும் பார்க்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

அதன்பிறகு பாபருக்கு நாடு இல்லை. வீடு இல்லை. மலைக் கிராமம் ஒன்றில் தங்கினார். செருப்புக் கூட இல்லாமல் வெறுங்காலுடன் மலைகளில் சுற்றினார். கால் தோல் மரத்துப்போய், கல்லும் முள்ளும் ஒன்றாகத் தெரிந்தன.

அந்தக் கிராமத் தலைவரின் தாயாருக்கு வயது 111. அந்தப் பாட்டியின் உறவினர் ஒருவர் தைமூரின் படையோடு இந்தியாவுக்குப் போய் வந்தவர். அவர் சொன்ன கதைகளை எல்லாம் பாட்டி பாபருக்குச் சொன்னார். நாடிழந்த 19 வயது வாலிபர் அந்தக் கதைகளை உட்கார்ந்து கேட்டார்.

காபூல் கிடைத்தது

1504-ம் ஆண்டில் பாபர் தெற்கு நோக்கி நடந்தார். உடன் வந்தவர்கள் முந்நூறு பேருக்குள்தான். பெரும்பாலோர் கையில் தடி ஊன்றி நடந்து வந்தார்கள். மொத்தம் இரண்டே கூடாரங்கள். தம்முடைய கூடாரத்தைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வழியில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டிலேயே காபூல் நகரம் அவர் வசமாயிற்று. அங்கேதான் 1508-ம் ஆண்டில் மூத்த மகன் உமாயூன் பிறந்தார்.

1511-ம் ஆண்டில் மூன்றாவது முறையாகச் சாமர்க்கண்டைப் பிடித்தார். மறு ஆண்டே மூன்றாவது முறையாக இழந்தார். அத்தோடு அந்த ஆசை முடிந்தது. வடக்கே கதவு அடைபட்டுவிட்டது. அவருடைய பார்வை கிழக்கே, இந்தியாவின் பக்கம் திரும்பியது.

கழுத்தில் இரண்டு வாள்

அப்போது டில்லியை ஆண்டவர் சுல்தான் இப்ராகிம் லோடி. அவருக்கும் அவருடைய பிரபுக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பஞ்சாப் கவர்னர் தவுலத்கான் லோடி தம் மகனைக் காபூலுக்கு அனுப்பிப் பாபரை உதவிக்கு அழைத்தார். சுல்தானின் உறவினர் ஆலம்கானும் போய்ச் சேர்ந்தார். பாபர் வந்து உதவிவிட்டுப் போய்விடுவார் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

1525-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி பாபர் காபூலில் இருந்து புறப்பட்டார். டிசம்பரில் சிந்து நதியைத் தாண்டும்போது கணக்கு எடுத்தார்கள். போர்வீரர், வேலைக்காரர், வியாபாரி எல்லாரையும் சேர்த்து 12 ஆயிரம் பேர்!

இதற்குள் தவுலத்கான் மனம் மாறிவிட்டார். பாபரையே எதிர்த்துப் போர் செய்யப் போவதாகச் சொல்லி, இடுப்பில் இரண்டு வாள்களைக் கட்டிக்கொண்டார். வயதான மனிதர். வீறாப்பு மட்டும் குறையவில்லை.

1526-ம் ஆண்டு ஜனவரி மாதம். மில்வட் கோட்டையைப் பாபர் வளைத்தார். சண்டையே இல்லாமல் தவுலத்கான் சரண் அடைந்தார். அந்த இரண்டு வாள்களையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரும்படி பாபர் உத்தரவிட்டார். அப்படியே வந்து நின்றார். பாபர் அவரை எதிரில் உட்கார வைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, செய்த நன்றியை மறந்ததற்குக் கடிந்துகொண்டார். உயிரை எடுக்கவில்லை.

அந்தக் கோட்டைக்குள் ஒரு புத்தகசாலை இருந்தது. பாபர் நேராக அங்கே போனார். நல்ல புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து, சிலவற்றை உமாயூனுக்குக் கொடுத்தார். சிலவற்றை இன்னொரு மகன் காம்ரானுக்கு அனுப்பி வைத்தார். போர்க்களத்துக்குப் போகிற வழியிலும் பிள்ளைகளின் படிப்பை அவர் மறக்கவில்லை.

மகனின் முதல் வெற்றி

பிப்ரவரி மாதக் கடைசியில், சுல்தானின் படை ஒன்று ஹிசார் பக்கத்தில் இருந்து வருவதாகத் தெரிந்தது. அதை எதிர்க்க உமாயூனை அனுப்பினார். அவருக்கு இன்னும் 18 வயது நிரம்பவில்லை. அதுதான் முதல் போர்.

பிள்ளை ஜெயித்துக்கொண்டு வந்தார். நூறு கைதிகளையும் ஏழெட்டு யானைகளையும் பிடித்து வந்தார். எதிரிகளுக்குப் பயம் ஏற்பட வேண்டும் என்பதற்காக, அந்தக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்படி பாபர் உத்தரவிட்டார். புத்தகம் பொறுக்கிய கைதான் இந்த உத்தரவையும் போட்டது. அந்தக் காலத்து யுத்தம் அப்படி!

மார்ச் 6-ந் தேதி உமாயூன் முதல் முதலாக முகச் சவரம் செய்துகொண்டார். அதைக்கூடத் தந்தை மறக்காமல் தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

700 வண்டிகள்

ஏப்ரல் 12-ந் தேதி பாபர் பானிபட் வந்து சேர்ந்தார். டில்லிக்கு வடக்கே உள்ள ஊர் அது.

எதிரே இப்ராகிம் லோடியின் படை. அதில் ஒரு லட்சம் பேர், ஆயிரம் யானைகள் என்று பாபர் மதிப்பிட்டார். தம்முடைய படை மிகச் சிறியது. நேருக்கு நேர் மோதினால் யானைகளின் காலடியில் நசுங்க வேண்டியதுதான்.

எனவே பாபர் ஒரு யுக்தி செய்தார்.

சுற்றுப்புறத்தில் இருந்து 700 வண்டிகளைச் சேர்த்தார். வண்டிகளைச் சங்கிலிபோல் ஒன்றோடு ஒன்று பிணைத்தார்கள். பிணைக்கும் கயிறு சாதாரணக் கயிறு அல்ல. பச்சை மாட்டுத் தோலைத் திரித்த கயிறு. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஐந்தாறு தடுப்புத் தட்டிகள். அந்த மறைவில் துப்பாக்கிக்காரர்கள். இது துருக்கியர்களின் முறை.

இடையிடையே நூறு நூற்றைம்பது குதிரைகள் பாய்ந்து போவதற்கு வழி விட்டிருந்தார்கள். படையின் வலது பக்கம் பானிபட் நகரத்து வீடுகள் அரணாக நின்றன. இடது பக்கம் பள்ளம் தோண்டி, மரக்கிளைகளை வெட்டிப் போட்டார்கள். பீரங்கிகளுக்கு உஸ்தாத் அலி என்பவர் தலைவர்.

எல்லாம் தயார். ஆனால் இப்ராகிம் லோடி வரவில்லை! ஒரு வாரம் ஓடிவிட்டது. பாபரின் ஆட்கள் எதிரியின் பாசறை வரை போய் அம்பு எய்து சீண்டினார்கள். அதற்கும் அசையவில்லை. பாபரின் வீரர்கள் பலருக்கு உள்ளூர நடுக்கம். வீட்டை விட்டு இரண்டு மூன்று மாதப் பயணம் வந்துவிட்டார்கள். யாருடன் சண்டையிடப் போகிறோமோ, அவர்களுடைய பாஷைகூடத் தெரியாது.

நண்பகலுக்குள் முடிந்தது

ஏப்ரல் 21-ந் தேதி காலையில் இப்ராகிம் லோடியின் படை வேகமாக முன்னேறி வந்தது. வண்டி வரிசைக்கு அருகில் வந்ததும் முன்னால் வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். பின்னால் வந்தவர்களோ நிற்க முடியாமல் முட்டி மோதினார்கள். கூட்டம் நெருக்கிக்கொண்டது.

பாபர் எதிர்பார்த்தது அதைத்தான். இரு பக்கமும் ஒளிந்திருந்த அவருடைய குதிரைப்படை சுற்றி வளைத்துப் பின்புறமாகச் சென்று அம்புமழை பொழிந்தது. முன்னால் பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கின. யானைகள் மிரண்டு திரும்பின. எதிரிகள் நடுவிலே சிக்கிக்கொண்டார்கள். முன்னேறவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

காலையில் சற்று வெயில் ஏறியதும் தொடங்கிய யுத்தம் நண்பகலுக்குள் முடிந்துவிட்டது.

இப்ராகிம் லோடி ஓடவில்லை. போரிட்டு மடிந்தார். அவர் கிடந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஐந்தாறு ஆயிரம் பேர் செத்துக் கிடந்தார்கள். மொத்தம் 15 ஆயிரம், 16 ஆயிரம் பேர் இறந்ததாகப் பாபரின் கணக்கு. குவாலியர் ராஜா விக்கிரமாதித்தனும் சுல்தானின் பக்கம் நின்று போரிட்டு அந்தப் போரில் மாண்டார். இப்ராகிம் லோடியின் சமாதி இன்றும் பானிபட்டில் இருக்கிறது.

இரண்டரை நாள் சாப்பாடு

அன்றைக்கே உமாயூன் ஆக்ராவுக்கு விரைந்தார். அங்கே குவாலியர் ராஜாவின் குடும்பம் இருந்தது. அவர்களைக் கொள்ளையிட உமாயூன் அனுமதிக்கவில்லை. அவர்கள் தங்களிடம் இருந்த நகைகளை அவருக்குக் கொடுத்தார்கள். அவற்றில் பெரிய வைரம் ஒன்றும் இருந்தது.

அதன் விலை என்ன? உலகம் முழுவதற்கும் இரண்டரை நாள் சாப்பாடு போடலாம் என்று மதிப்புப் போட்டவர்கள் சொன்னார்களாம். அதுதான் பிற்காலத்தில் புகழ் பெற்ற கோகினூர் வைரம் என்று பலர் கருதுகிறார்கள்.

பாபர் வந்ததும் மகன் அந்த வைரத்தை அவரிடம் கொடுத்தார். தந்தை வாங்கிப் பார்த்தார். மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்!

கஜானாவையும் அப்படியே வாரி வழங்கினார். உமாயூனுக்கு 70 லட்சம். தளபதிகளுக்குத் தகுதிக்கு ஏற்ப 10 லட்சம், 8 லட்சம், 6 லட்சம். சாதாரணச் சிப்பாய்க்கும் பங்கு. சாமர்க்கண்டில் இருந்த உறவினர்களுக்கு, மெக்காவுக்கு, மதீனாவுக்கு எல்லாம் காணிக்கை. காபூலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளிக் காசு. ஆண், பெண், பெரியவர், குழந்தை, எஜமான், அடிமை என்ற பேதம் இல்லை. ஆளுக்கு ஒன்று.

கடைசியில் தமக்கென்று அவர் அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அவருக்குப் பரதேசி என்று பொருள்படும் கலந்தர் என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. காபூலில் அசாஸ் என்ற பழைய ஊழியர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு பொற்காசுதான் என்று சொல்லச் சொல்லி அனுப்பினார் பாபர். எல்லாருக்கும் நிறையக் கொடுத்தவர் தமக்கு மட்டும் ஒரே காசா என்று அசாஸ் மூன்று நாள் மனம் வாடினார். பிறகு அவர் கண்ணைக் கட்டி, காசில் ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டினார்கள். மாட்டியதும் கழுத்து கீழே இழுத்தது! அத்தனை பெரிய கனமான பொற்காசு. பாபரே தனியாக வார்க்கச் செய்தது. அசாஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆனந்தக் கூத்தாடினார். பாபரின் மகள் குல்பதன் பேகம் பிற்காலத்தில் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது.

நண்பனும் பிரிந்தான்

இவ்வளவு கொடுத்தும் என்ன பயன்? கோடை வந்ததும் தளபதிகள் மனம் தளர்ந்தார்கள். சொல்லிக்கொள்ளாமலே புறப்படக்கூடச் சிலர் தயாராக இருந்தார்கள்.

பாபர் எல்லாரையும் கூட்டினார். நிலைமையை எடுத்துச் சொன்னார். நாடும் வளமும் இல்லாமல் அரசு இல்லை. எத்தனை ஆண்டுப் பாடு! எத்தனை உயிர்ச்சேதம்! ஆண்டவன் அருளால் கிடைத்த நாட்டை, எதிரியே விரட்டாதபோது வெயிலுக்குப் பயந்து விட்டுவிட்டு, மறுபடியும் காபூலின் வறுமைக்குப் போவதா? தம்மை நேசிப்பவர்கள் இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம் என்று முடித்தார்.

பேச்சு அடங்கியது. பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள்.

சாமர்க்கண்டை மூன்று முறை பிடித்து மூன்று முறை இழந்தவர் அவர். கையில் இருக்கும் நாடு எவ்வளவு எளிதில் நழுவும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

ஆனால் உயிர் நண்பர் குவாஜா கலான் மட்டும் போய்த்தான் தீருவேன் என்று நின்றார். பானிபட்டில் தோளோடு தோள் நின்றவர். பாபர் தடுக்கவில்லை. காபூலுக்கு அனுப்ப வேண்டிய பரிசுப் பொருள்களை அவரிடமே ஒப்படைத்து அனுப்பினார். போகும்போது குவாஜா கலான் டில்லியில் தாம் தங்கிய வீட்டுச் சுவரில், இந்தியாவைப் பரிகாசம் செய்து ஒரு கவிதை எழுதிவிட்டுப் போனார். பாபருக்குக் கோபம் வந்தது. அவரும் கவிஞர்தான். பதிலுக்கு ஒரு கவிதை எழுதி அனுப்பினார். சண்டை அவ்வளவோடு சரி. நட்பு முறியவில்லை.

அதே ஆண்டில் ஐரோப்பாவில்...

அதே 1526-ம் ஆண்டு, ஆகஸ்டு 29-ந் தேதி. ஐரோப்பாவில் இன்னொரு பெரிய யுத்தம் நடந்தது. துருக்கிச் சக்கரவர்த்தி சுலைமான், மொகாக்ஸ் என்ற இடத்தில் ஹங்கேரிப் படையை முறியடித்தார். அங்கேயும் வெற்றி தேடித் தந்தது பீரங்கிதான். 20 வயதான ஹங்கேரி மன்னர் லூயி தப்பி ஓடும்போது இறந்துபோனார்.

சுலைமான் தலைநகரான புடாவுக்குள் நுழைந்தார். ஆனால் அங்கே தங்கவில்லை. கிடைத்த பொருள்களை எடுத்துக்கொண்டு அந்த ஆண்டே தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். புடா நகரத்தை நிலையாகத் தம் ஆட்சியில் சேர்க்க அவருக்கு மேலும் 15 ஆண்டுகள் பிடித்தன.

ஒரே ஆண்டில் இரண்டு வெற்றிகள். ஒருவர் திரும்பிப் போனார். ஒருவர் தங்கிவிட்டார்.

தோட்டம் போட்டார்

தங்குவது என்று தீர்மானித்துவிட்டாரே தவிர, பாபருக்கு இந்த நாடு உடனே பிடித்துவிடவில்லை. நல்ல குதிரை இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, குளியல் மண்டபம் இல்லை என்று நீண்ட பட்டியலே எழுதினார்.

நல்லதையும் எழுதாமல் விடவில்லை. மழைக் காலத்துக் காற்று அருமை என்றார். பழங்களில் மாம்பழத்தைப் புகழ்ந்தார். எந்தத் தொழிலுக்கும் இங்கே பரம்பரைத் தொழிலாளர்கள் ஏராளம் என்று வியந்தார். ஆக்ராவில் மட்டும் 680 கல்தச்சர்கள் தினமும் அவருக்கு வேலை செய்தார்கள். சிக்ரி, குவாலியர் முதலிய மற்ற ஊர்களையும் சேர்த்தால் 1,491 பேர்!

இந்திய மன்னர்களைப் பற்றி எழுதும்போது, இந்து அரசர்களில் நாட்டின் பரப்பாலும் படைபலத்தாலும் பெரியவர் விஜயநகர ராஜாதான் என்று குறித்தார். அந்த ஆண்டில் விஜயநகரத்தை ஆண்டவர் கிருஷ்ணதேவராயர். தமிழ்நாட்டின் பெரும் பகுதியும் அவர் ஆட்சியில்தான் இருந்தது.

ஆக்ராவில் யமுனைக்கு அக்கரையில் இடம் தேடினார். பார்க்கவே சகிக்காத தரிசு நிலம்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் அங்கேயே வேலையை ஆரம்பித்தார். முதலில் பெரிய கிணறு. பிறகு குளியல் மண்டபம், குளம், மலர்ப் பாத்திகள். தளபதிகளும் பக்கத்தில் தோட்டமும் வீடும் கட்டிக்கொண்டார்கள். அந்த ஊர் மக்கள் அந்தக் கரைக்குக் காபூல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

தட்டில் வந்த விஷம்

ஆண்டு முடியப் போகிற நேரம். டிசம்பர் 21-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

இப்ராகிம் லோடியின் தாயாரைப் பாபர் மரியாதையாக நடத்தி வந்தார். 7 லட்சம் வருமானம் உள்ள நிலம் கொடுத்திருந்தார். ஆனால் மகனைப் பறிகொடுத்த தாய் அல்லவா? அவர் மனம் ஆறவில்லை.

இந்தியச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்கும் ஆசையால், இப்ராகிம் லோடியின் சமையல்காரர்களில் நாலு பேரைப் பாபர் வேலைக்கு வைத்திருந்தார். அந்தத் தாய்க்கு இது தெரிய வந்தது. உணவை முதலில் ருசி பார்க்கும் ஊழியர் ஒருவர் மூலம் ஒரு சமையல்காரரை வசப்படுத்தினார். அடிமைப் பெண் ஒருத்தியின் கையில் ஒரு தோலா விஷம் போய்ச் சேர்ந்தது.

பானையில் போட முடியவில்லை. கண்காணிப்பு பலமாக இருந்தது. பாபரின் தட்டில் இருந்த ரொட்டியின்மேல் பாதியைத் தூவினார் சமையல்காரர். பயத்தில் மீதியை அடுப்பில் போட்டுவிட்டார். அந்தப் பயம்தான் பாபரின் உயிரைக் காத்தது.

பாபர் முயல் கறி சாப்பிட்டார். வறுத்த கேரட் சாப்பிட்டார். பிறகு விஷம் தூவிய உணவில் சில வாய். வயிறு புரட்டியது. எழுந்து போய் வாந்தி எடுத்தார். சாப்பிட்டபின் வாந்தி எடுக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. சந்தேகம் தட்டியது. சமையல்காரர்களைக் காவலில் வைத்தார். வாந்தியை ஒரு நாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். அதன் வயிறு ஊதிவிட்டது. மறுநாள் நண்பகல் வரை எழுந்திருக்கவே இல்லை. பிறகு பிழைத்துக்கொண்டது. பாபரும் பிழைத்தார்.

திங்கட்கிழமை சபையில் விசாரணை. குற்றவாளிகள் ஒப்புக்கொண்டார்கள். தண்டனை மிகக் கொடூரமாக இருந்தது. ருசி பார்ப்பவர் துண்டு துண்டாக வெட்டப்பட்டார். சமையல்காரரின் தோலை உயிருடன் உரித்தார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தியை யானையின் காலில் போட்டார்கள், மற்றவளைச் சுட்டார்கள். இப்ராகிம் லோடியின் தாயாரைக் கொல்லவில்லை, காவலில் வைத்தார்கள்.

காபூலில் இருப்பவர்கள் வதந்தி கேட்டுக் கலங்கக் கூடாது என்று, நடந்ததை எல்லாம் பாபரே விவரமாகக் கடிதம் எழுதினார். உயிர் இத்தனை இனிமையானது என்று தமக்கு இதுவரை தெரியாமல் போயிற்று என்று அதில் எழுதினார்.

அழ வைத்த முலாம்பழம்

அதன் பிறகு பாபர் வாழ்ந்தது நாலே ஆண்டுகள். 1527-ம் ஆண்டு மார்ச் மாதம் கான்வா என்ற இடத்தில் மேவார் ராணா சங்காவை வென்றார். அந்தப் போருக்கு முன் மதுவை விட்டு, பொன் வெள்ளிக் கோப்பைகளை உடைத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். 1529-ம் ஆண்டில் காக்ரா நதிக்கரையில் ஆப்கானியரை வென்றார்.

ஆனால் காபூலை அவர் மறக்கவே இல்லை. 1529-ம் ஆண்டில் யாரோ ஒரு முலாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வெட்டிச் சாப்பிடும்போது ஊர் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டார். இதையும் குவாஜா கலானுக்கு எழுதினார். ஊருக்குப் போகவேண்டும் என்று நின்றாரே, அந்த நண்பருக்கேதான்!

அந்த ஆண்டிலேயே, ஆக்ராவில் அவர் போட்ட தோட்டத்தில் முலாம்பழமும் திராட்சையும் காய்த்தன. குழந்தையைப் போல் மகிழ்ந்தார்.

1530-ம் ஆண்டில் உமாயூன் கடும் நோயில் படுத்தார். மகனின் நோய் தமக்கு வரட்டும் என்று கட்டிலைச் சுற்றி வந்து பாபர் பிரார்த்தனை செய்ததாக வரலாறு சொல்கிறது. உமாயூன் பிழைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி பாபர் ஆக்ராவில் இறந்தார். வயது 47.

தம் வாழ்க்கையை அவர் தாய்மொழியான துருக்கியில் எழுதி வைத்திருந்தார். அதுதான் பாபர் நாமா. வெற்றியை மட்டும் அல்லாமல், தோல்வியையும் அழுகையையும் ஒளிக்காமல் எழுதினார். அதை அவருடைய பேரன் அக்பர் 1589-ம் ஆண்டில் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்தார்.

அவர் 1526-ம் ஆண்டில் நாட்டிய அரசு, இடையில் உமாயூன் காலத்தில் 15 ஆண்டுகள் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்து, 1857-ம் ஆண்டு வரை பெயரளவிலாவது டில்லியில் இருந்தது.

பாபரின் உடலை முதலில் ஆக்ராவில், அவர் போட்ட தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அவர் விரும்பியபடியே காபூலுக்குக் கொண்டுபோனார்கள். கூரை இல்லாத கல்லறை. மேலே திறந்த வானம். சுற்றிலும் அவர் உண்டாக்கிய மலைச்சரிவுத் தோட்டம். அந்தத் தோட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.